ரூ.2,000 மிச்சம் பிடிக்கப் போய் ரூ.10,500 தேய்ந்த கதை: வீல் அலைன்மெண்ட் கணக்கு



திருவொற்றியூர்ல இருக்கிற என் நண்பர் ஒருத்தர். வயசு 27, எண்ணூர் பக்கம் வேலை. போன வருஷம் டர்போ இன்ஜின் ஹேட்ச்பேக் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல எடுத்தார். கார் லோன் ஈஎம்ஐ, இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாத்துக்கும் எக்செல் ஷீட் போட்டு வெச்சிருந்தார். டயருக்கு மட்டும் அதுல ஒரு வரிகூட இல்லை.

மழைக்காலத்துல ஒரு நாள் சாயங்காலம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில பிரேக் அடிச்சிருக்கார். வண்டி வழுக்கிட்டே போய், முன்னாடி நின்ன கண்டெய்னர் டிரெய்லருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்னிருக்கு. மறுநாள் பங்க்சர் கடையில காரை ஜாக்கி வெச்சுத் தூக்கிப் பார்த்தா, முன் டயர் ரெண்டும் வெளியில பளிச்சுனு பட்டன் இருக்கு. உள் ஓரத்துல மொழுக்கட்டையா தேஞ்சு கம்பி எட்டிப் பார்க்குது. அந்த டயர் போட்டு ஓடினது வெறும் 15,000 கி.மீ.

"டயர் புதுசுதானே, பார்க்கவே தோணலைடா"ன்னு சொன்னார். நம்மள்ல பல பேர் இப்படித்தான். அதனால இந்தப் பதிவு.

முதல்ல பணக் கணக்கு

புரிஞ்சுக்க வசதியா ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒரு டயர் ரூ.9,000. நல்லா பராமரிச்சா 36,000 கி.மீ. வரும்னு வெச்சுக்கோங்க.

- முன் டயர் ரெண்டும் சேர்த்து ரூ.18,000. 36,000 கி.மீ. ஓடினா, ஒரு கி.மீ.க்கு 50 பைசா.
- அதே ஜோடி 15,000 கி.மீ.லயே தேஞ்சு போனா, ஒரு கி.மீ.க்கு ரூ.1.20.
- ஓடாமலே போன 21,000 கி.மீ.யோட மதிப்பு ரூ.10,500.

அந்த 15,000 கி.மீ.க்குள்ள ரெண்டு தடவை அலைன்மெண்ட், பேலன்சிங் பார்த்திருந்தா, தடவைக்கு ரூ.1,000 வீதம் ரூ.2,000 ஆகியிருக்கும். அதை மிச்சம் பிடிச்சதுக்குக் கிடைச்ச தண்டனை அஞ்சு மடங்கு. எக்செல்ல டயர் வரி இல்லாததால, புது டயரை கிரெடிட் கார்டுல ஈஎம்ஐ போட்டு வாங்கினார். அதுக்கு வட்டி, அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, தனியா பிராசசிங் ஃபீஸ்.

உள் ஓரம் மட்டும் ஏன் தேயுது?

ரெண்டு வார்த்தை தெரிஞ்சா போதும்: டோ, கேம்பர்.

டோ: காரை மேலிருந்து பார்த்தா, ரெண்டு சக்கரமும் நேரா பார்க்குதா, உள்ளே திரும்பியிருக்கா, வெளியே திரும்பியிருக்கா என்கிற கோணம். கேம்பர்: காரை முன்னாடி நின்னு பார்த்தா, சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாயுதா, வெளியே சாயுதா என்கிற கோணம்.

இதுல டயரைத் தின்கிற முக்கியமான குற்றவாளி டோ. ஒரு சக்கரத்துல கால் டிகிரி தப்பா இருந்தாலே, ஒவ்வொரு கி.மீ.க்கும் அந்த டயர் சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டுல இழுபடுற கணக்கு வருது. 10,000 கி.மீ. ஓட்டினா சுமார் 44 கி.மீ. ராயபுரத்துல இருந்து எண்ணூர் போய்த் திரும்புற தூரத்தை விட அதிகம். அவ்வளவு தூரத்துக்கு ரப்பரைத் தார் ரோட்டுல தேய்ச்சா என்ன மிஞ்சும்?

பெர்ஃபாமன்ஸ் கார்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வளைவுல பிடிமானம் கிடைக்க, பல கார்கள்ல கம்பெனியே கேம்பரைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்ச்சு வெச்சிருப்பாங்க. டயர் அகலம் அதிகம், பக்கச்சுவர் உயரம் குறைவு, ரப்பரும் பல மாடல்கள்ல மிருது. பள்ளத்துல விழுந்தா அந்த அடியை வாங்கிக்க டயர்ல சதை இல்லை. அடி நேரா அலாய் வீலுக்கும், டை ராடுக்கும், லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் போகும்.

இதுக்கு மேல ஸ்டைலுக்காக லோயரிங் ஸ்பிரிங் போட்டு காரை இறக்கினா, கேம்பர், டோ ரெண்டும் மாறும். 2024-ல தீவுத்திடலைச் சுத்தி நடந்த ஃபார்முலா 4 ரேஸைப் பார்த்துட்டு சக்கரத்தைச் சாய்ச்சு வைக்க ஆசை வந்திருக்கலாம். ஆனா ரேஸ் கார் டயரை ஆயிரக்கணக்கான கி.மீ. ஓட்டுறதுக்காக வாங்குறதில்லை. அந்த பில்லை டீம் கட்டும். உங்க பில்லை நீங்கதான் கட்டணும்.

வடசென்னைக்குன்னு ஒரு கூடுதல் செலவு

ஆரம்பத்துல பொம்மை பலூன் செஞ்ச எம்ஆர்எஃப் 1946-ல தொடங்கினதே திருவொற்றியூர்லதான். 1961-ல டயர் தயாரிப்புக்கு வந்தாங்க. 2023 ஜூன் 13-ந் தேதி, ஒரு பங்கு ரூ.1 லட்சத்தைத் தொட்ட முதல் இந்தியக் கம்பெனி ஆனதும் அவங்கதான். டயரோட ஊர்லயே இருந்துக்கிட்டு நாம டயரைப் பார்க்கிறதில்லை!

இந்தப் பக்கத்து ரோடும் டயருக்கு நல்ல சோதனை. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், ரெண்டுக்கும் போற கனரக வண்டிகள் ஓடி ஓடி ரோட்டுல தடம் பள்ளமா விழுந்துடும். மழைத்தண்ணி நின்னா பள்ளத்தோட ஆழம் தெரியாது. ஒரே ஒரு மோசமான பள்ளம் போதும், அலைன்மெண்ட் மாறிடும். அதனால "10,000 கி.மீ.க்கு ஒரு தடவை" என்கிற பொது விதியை இங்கே நம்ப வேண்டாம். 5,000-ல இருந்து 7,500 கி.மீ.க்குள்ள ஒரு தடவை பாருங்க. பெரிய பள்ளத்துல விழுந்தா உடனே பாருங்க.

அஞ்சு நிமிஷ டெஸ்ட்

வண்டியைச் சமதளத்துல நிறுத்துங்க. ஸ்டீயரிங்கை முழுசா ஒரு பக்கம் திருப்பினா முன் டயரோட உள் ஓரம் தெரியும். பின் டயருக்கு, போனை சக்கரத்துக்குப் பின்னாடி கீழே நீட்டி ஒரு போட்டோ எடுங்க.

- ஒரு ஓரம் மட்டும் தேய்மானம்: டோ அல்லது கேம்பர்.
- உள்ளங்கையால தடவினா ஒரு திசையில வழவழப்பு, எதிர்த் திசையில ரம்பம் மாதிரி: டோ.
- நடுவுல மட்டும் தேய்மானம்: காத்து அதிகம்.
- ரெண்டு ஓரமும் தேய்மானம்: காத்து குறைவு.
- அங்கங்கே குழி குழியா தேய்மானம்: ஷாக் அப்சார்பர் அல்லது பேலன்சிங்.

பட்டன் இடுக்குல சின்னச் சின்ன மேடு தெரியும். அதுதான் தேய்மான அளவுகோல், உயரம் 1.6 மி.மீ. டயர் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா மாத்தியே ஆகணும். ஒரு ஓரம் மட்டும் தொட்டிருந்தாலும் இதே கதைதான்.

கடையில ஏமாறாம இருக்க

நண்பர் முதல்ல போன கடையில, "நாலு டயரும் மாத்துங்க சார், கேம்பரும் பண்ணித் தர்றோம்"னு பெரிய பில் நீட்டினாங்க. அளவு எடுத்த பேப்பர் கேட்டா, இல்லை. ரெண்டாவது கடையில அளந்து பார்த்ததுல, டை ராட் எண்ட் லூசா இருந்தது தெரிஞ்சுது. அதை மாத்தாம புது டயர் போட்டிருந்தா, அடுத்த ஜோடியும் அதே மாதிரி தேஞ்சிருக்கும்.

அதனால இதைக் கேளுங்க:

1. சரி பண்றதுக்கு முன்னாடி, பின்னாடி ரெண்டு பிரிண்ட்அவுட்டும் வேணும். உங்க மாடலுக்கான கம்பெனி அளவு அதுல இருக்கணும்.
2. லூசான பாகம் இருக்கான்னு முதல்ல பார்க்கணும். லூசா இருக்கிறப்போ அலைன்மெண்ட் பண்றது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற வேலை.
3. கேம்பர் செலவு சொன்னா, "என் கார்ல கேம்பர் அட்ஜஸ்ட்மெண்ட் கம்பெனியிலயே இருக்கா?"ன்னு கேளுங்க. நிறைய முன்சக்கர டிரைவ் கார்கள்ல முன்னாடி டோ மட்டும்தான் மாத்த முடியும்.
4. ரெண்டு டயர் மட்டும் மாத்தினா, புது ஜோடி பின்னாடி போகட்டும். ஈரமான ரோட்டுல பின்பக்கம் வீசாம இருக்க அதுதான் பாதுகாப்பு.

இன்சூரன்ஸ் பார்த்துக்காதா?

பார்த்துக்காது. தேய்மானத்துக்கு கிளைம் கிடையாது. சாதாரண பாலிசியில, டயர் மட்டும் சேதமானாலும் கிடையாது. விபத்துல வண்டியும் சேர்ந்து அடிபட்டாதான், அதுவும் டயர் விலையில 50% வரைக்கும்தான். டயர் ஆட்-ஆன் எடுத்தாலும் அது வெடிப்பு, கிழிசல் மாதிரி திடீர்ச் சேதத்துக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜிஎஸ்டி 28%-ல இருந்து 18% ஆனது ஒரு சின்ன ஆறுதல்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

நாலு டயர் ரூ.36,000, ஆயுள் 36,000 கி.மீ. அப்போ ஒரு கி.மீ.க்கு ஒரு ரூபாய். மாசம் 1,000 கி.மீ. ஓட்டினா மாசம் ரூ.1,000. அலைன்மெண்ட் செலவையும் சேர்த்து ரூ.1,200-ஐ சம்பளம் வந்த மறுநாளே ஆர்டியில போடுங்க. அந்த ஆர்டிக்கு "டயர்"னே பேர் வைங்க. டயர் மாத்துற நாள் வரும்போது கார்டைத் தேய்க்க வேண்டியிருக்காது.

ஒண்ணு மட்டும் நேரா சொல்றேன். மாசம் 1,200 ஒதுக்க முடியலைன்னா, அந்த கார் உங்க சம்பளத்துக்கு இன்னும் சீக்கிரம். வாங்கின விலை ஒரு தடவைதான். ஓட்டுற விலை ஒவ்வொரு கி.மீ.க்கும் உண்டு.

நண்பர் தப்பிச்சது ஒரு முழத்துல. எக்செல் ஷீட்ல இப்போ ஒரு வரி கூடியிருக்கு. நீங்க இந்த ஞாயித்துக்கிழமை கீழே இறங்கி ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு தடவை பாருங்க. உள் ஓரத்தை எப்படிப் பார்க்கணும்னு வீடியோவுல காட்டியிருக்கேன். அடுத்த பதிவுல சந்திப்போம்!