பனமலை ஓவியங்கள்

பனமலை ஓவியங்கள் என்பவை விழுப்புரம் மாவட்டம், பனமலை தாளகிரீசுவரர் கோயிலில் எஞ்சியுள்ள பல்லவர் காலச் சுவர் ஓவியங்கள் ஆகும். மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வங்கக் கடலை ஒட்டிக் கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. மேற்கே, ஏரியை அடுத்த ஒரு சிறு குன்றின்மேல் இக்கோயில் உள்ளது. ‘தாள’ என்ற வடசொல் பனையைக் குறிக்கும். ஆகவே தாளகிரி என்பது பனைமலை என்ற பெயரின் மொழிபெயர்ப்பே. கோயிலைக் கட்டுவித்தவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் (கி.பி. 700–728). காஞ்சி கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இவன் எடுப்பித்தவையே.

உமையின் உருவம்

விமானத்தை ஒட்டிய சிற்றாலயங்களுள் வடபுறத்தில் உள்ளதில் இவ்வோவியங்கள் காணப்படுகின்றன. இன்று தெளிவாகத் தெரிவது உமையின் உருவம் ஒன்றே. தலையில் உயர்ந்த மகுடம், அதற்கு மேல் குடை, கழுத்திலும் கைகளிலும் அணிகள். ஒரு காலை மடித்து, உடலைச் சற்றே வளைத்து, தலையை ஒருபுறம் சாய்த்து நிற்கிறாள். வெகுநேரமாக ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தம்மையறியாமல் நிற்கும் நிலை அது.

அவள் பார்ப்பது அடுத்த சுவரில் ஆடும் சிவனை. அந்த உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. சில கோடுகளும் வண்ணத் திட்டுகளும் மட்டுமே மிஞ்சியுள்ளன. நூல்களில் உமையை மட்டும் தனிப்படமாக வெட்டி அச்சிடுவது வழக்கமாகிவிட்டதால், பலர் இதை அழகிய பெண்ணுருவம் ஒன்றாகவே அறிந்திருக்கின்றனர். அது போதாது. ஆடுபவரை ஒரு சுவரிலும் பார்ப்பவளை மற்றொன்றிலும் வைத்ததால், உள்ளே வந்து நிற்கும் அடியவரும் அந்த ஆடலின் அவையில் ஒருவராகிவிடுகிறார். சிறிய அறையை ஓவியர் ஆடரங்காக மாற்றிய விதம் இது. ஆடல் அழிந்தபின் அரங்கில் மிஞ்சியிருப்பவள் பார்ப்பவள் மட்டுமே.

சுண்ணமும் உப்பும்

இதே மாவட்டத்தில் உள்ள மண்டகப்பட்டுக் குடைவரையை முதலாம் மகேந்திரவர்மன் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் எடுப்பித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவுமின்றி அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு பெருமையுடன் கூறுகிறது. அதே அரசனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டமும் உண்டு. சுண்ணத்தை விலக்கிக் கோயில் குடையலாம். ஆனால் கற்சுவரில் ஓவியம் நிலைக்கச் சுண்ணம் வேண்டும். அவன் வழிவந்த இராசசிம்மனின் காலத்தில் கல்லின்மேல் சாந்து பூசி, வழவழப்பாக்கி, அதன்மேல் கோடு வரைந்து வண்ணம் நிரப்பினர். காவியும் மஞ்சளும் மண்ணிலிருந்தும், வெள்ளை சுண்ணத்திலிருந்தும், கருமை கரியிலிருந்தும் கிடைத்தன.

இந்தச் சாந்துதான் ஓவியத்தின் உயிர். அழிவு தொடங்குவதும் இதிலேதான். சுவருக்குள் இறங்கும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வரும். ஈரம் உலர்ந்ததும் உப்பு படிகமாகி, வண்ணப் படலத்தை உள்ளிருந்தே நெட்டித் தள்ளும். பாத்தியில் உப்பு விளைவதும் சுவரில் உப்புப் பூப்பதும் ஒரே வேலைதான். ஒன்று பிழைப்பு, மற்றொன்று கேடு. மரக்காணத்துக்கு வடக்கே அதே கடலோரத்தில் நிற்கும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில், உப்புக்காற்று கற்சிற்பங்களின் முகங்களையே தேய்த்துவிட்டது. அங்கே கல்லில் ஏறிய உப்பைக் காகிதக்கூழ் அப்பி உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. கல்லுக்கே இந்த நிலை என்றால் அரை விரற்கடைச் சாந்து எம்மாத்திரம்?

பனமலை கடலிலிருந்து விலகியிருந்தும் முழுமையாகத் தப்பவில்லை. சாந்து உதிர்ந்த இடங்களில் ஓவியமும் சேர்ந்தே போயிற்று. இவ்வோவியங்களை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் கண்டறிந்தவரும் அவரே. பனமலையில் மறைந்த ஆடலை மனத்தில் மீட்டுக்கொள்ள விரும்புவோருக்கு அந்தக் காஞ்சிக் கோயில்தான் துணை. காலை மடித்துச் சுழன்றாடும் சிவனைப் பல கைகளுடன் இராசசிம்மனின் சிற்பிகள் அங்கே கல்லில் செதுக்கி வைத்திருக்கின்றனர்.