மூளைக் கட்டி ஆபரேஷனுக்கு வழிகாட்டும் 'ஜிபிஎஸ்'... பாதியில் மேப் மாறிப்போவது ஏன்?

மூளையில் கட்டி, ஆபரேஷன் செய்தே ஆகணும் என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தினர் கேட்கும் முதல் கேள்வி, "உயிருக்கு ஒண்ணும் ஆகாதே?" அடுத்த கேள்வி, "பேச்சு வருமா, கை கால் விளங்குமா?" இந்த இரண்டாவது கேள்விக்கான பதில் பல நேரங்களில் சில மில்லிமீட்டர்களில்தான் இருக்கிறது. அந்த மில்லிமீட்டர்களைக் கவனிக்க உதவும் தொழில்நுட்பம்தான் 'நியூரோ நேவிகேஷன்'.

ஏன் தேவை?

மூளைக் கட்டிகள் எல்லாமே தனியாகத் தெரிவதில்லை. மெதுவாக வளரும் சில கட்டிகள், பார்க்கவும் தொடவும் நல்ல மூளைத் திசு மாதிரியே இருக்கும். குறைவாக எடுத்தால் மிச்சம் இருப்பது மறுபடி வளரும். கூடுதலாக எடுத்தால் பேச்சோ, கை அசைவோ போய்விடலாம்.

எப்படி வேலை செய்கிறது?

ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்ஆர்ஐ படங்கள் கம்ப்யூட்டரில் 3டி மேப்பாக மாற்றப்படும். நோயாளியின் தலை கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்தப்படும். நெற்றி, மூக்கு, கண் ஓரம் என சில இடங்களைக் கருவியால் தொட்டுக் காட்டினால், படத்தில் உள்ள தலையையும் மேசையில் உள்ள தலையையும் கம்ப்யூட்டர் பொருத்திக்கொள்ளும்.

போன் மேப்புக்கு சாட்டிலைட் மாதிரி, இங்கே இன்ஃப்ராரெட் கேமரா. கருவியில் உள்ள சின்னச் சின்ன உருண்டைகளை வைத்து அது இருக்கும் இடத்தை கேமரா கண்டுபிடிக்கும். கருவியின் முனை மூளையில் எங்கே இருக்கிறது என்பது திரையில் எம்ஆர்ஐ படத்தின் மேலேயே தெரியும். மண்டை ஓட்டை எங்கே, எவ்வளவு சிறிதாகத் திறக்கலாம் என்பதையும் இதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

1947-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்பீகல், வைசிஸ் ஆகியோர் தலையில் உலோகச் சட்டம் பொருத்தி மூளைக்குள் இலக்கை அளந்தார்கள். சட்டமே இல்லாமல் வழிகாட்டும் முறையை 1986-ல் டேவிட் ராபர்ட்ஸ் குழு வெளியிட்டது.

மேப் எங்கே ஏமாற்றும்?

திரையில் தெரிவது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த படம். மண்டை ஓட்டைத் திறந்து, மூளையைச் சுற்றியுள்ள திரவம் வடிந்ததும் மூளை லேசாகத் தொய்யும். கட்டியை எடுக்க எடுக்க, பக்கத்துத் திசு அந்தக் காலி இடத்துக்குள் சரியும். இதற்குப் பெயர் 'பிரெய்ன் ஷிஃப்ட்'. சில நேரம் இந்த நகர்வு 1 சென்டிமீட்டரையும் தாண்டும்.

ரோடு மாறிவிட்டது, மேப்புக்குத் தெரியவில்லை. அதுவும் ஆபரேஷனின் கடைசிக் கட்டத்தில், 'இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா, நிறுத்தலாமா' என்று முடிவெடுக்கும் நேரத்தில்தான் இந்தப் பிழை அதிகமாகிறது.

அப்போ டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்?

* ஆபரேஷன் நடுவிலேயே மறுபடி எம்ஆர்ஐ எடுத்து மேப்பைப் புதுப்பிக்கலாம். 1990-களில் பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் இது தொடங்கியது. செலவு அதிகம்.

* அல்ட்ராசவுண்ட் மூலம் அந்த நேரத்து நிலையைப் பார்க்கலாம். செலவும் நேரமும் குறைவு.

* '5-ஏஎல்ஏ' என்ற மருந்தை முன்கூட்டியே குடிக்கக் கொடுத்தால், வீரியம் மிக்க கட்டி நீல ஒளியில் இளஞ்சிவப்பாக ஒளிரும். 2006-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், இப்படிச் செய்தபோது 65% பேருக்கு எம்ஆர்ஐயில் தெரிந்த கட்டி முழுசாக நீங்கியது. வழக்கமான முறையில் இது 36%.

* பேச்சுப் பகுதிக்குப் பக்கத்தில் கட்டி இருந்தால், நோயாளியை விழிக்க வைத்துப் பேசச் சொல்லியபடியே ஆபரேஷன் செய்வதும் உண்டு. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது.

குடும்பத்தினர் என்ன கேட்கலாம்?

"நேவிகேஷன் இருக்கா?" என்பதோடு நிறுத்த வேண்டாம். கட்டி எந்தப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறது, முழுசாக எடுக்கத் திட்டமா, மூளை நகர்ந்தால் எதை வைத்துச் சரிபார்ப்பீங்க என்றும் கேளுங்கள். கருவி இடத்தைத்தான் காட்டும். எங்கே நிறுத்துவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவில் பேச்சும் நடையும் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியது நோயாளியும் குடும்பமும்தான்.