ஆளு போயாச்சு, தவணை போகல: ஒரு ஐஸ் ஹாக்கி டீமோட சம்பளக் கணக்கு

ஜூலை 1-ஆம் தேதி, நம்ம ஊர் நேரப்படி ராத்திரி ஒன்பதரை மணி. நம்ம பக்கம் சம்பளம் கிரெடிட் ஆகி, வாடகையும் இஎம்ஐயும் ஒவ்வொண்ணா கழிஞ்சுக்கிட்டு இருக்கிற நேரம். அமெரிக்காவிலயும் கனடாவிலயும் அதே நேரத்துல ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் போனை விட்டுக் கண்ணை எடுக்காம உட்கார்ந்திருப்பாங்க. என்ஹெச்எல் லீக்ல ஒப்பந்தம் முடிஞ்ச வீரர்களை எந்த டீம் வேணும்னாலும் எடுக்கலாம்னு கதவு திறக்கிற நிமிஷம் அது.

ஆட்டமே நடக்காத மாசம். ஆனா அவங்க வாக்குவாதத்தைக் கேட்டீங்கன்னா ஏதோ ஆடிட்டர் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். "நல்லா ஆடுவானா?" என்பது ரெண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "எத்தனை வருஷம்? வருஷத்துக்கு எவ்வளவு?" நல்ல வீரரையே எடுத்திருந்தாலும், ஏழு வருஷம்னு கேட்டதும் பாதி பேர் தலையில கை வெச்சுடுவாங்க.

ஏன் அப்படி? ஐபிஎல் ஏலத்துல பர்ஸ் தெரியும்ல? 2025 மெகா ஏலத்துக்கு ஒவ்வொரு டீமுக்கும் 120 கோடி. என்ஹெச்எல்லிலும் அதே மாதிரி ஒரு உச்சவரம்பு இருக்கு, சாலரி கேப்னு பேரு. அதைக் கொண்டுவர்ற சண்டையில 2004-05 சீசன் முழுசா ரத்தே ஆச்சு. 2005-06-ல ஒரு டீமுக்கு 39 மில்லியன் டாலர்னு ஆரம்பிச்சாங்க (ஒரு மில்லியன்னா 10 லட்சம்). 2025-26-ல அது 95.5 மில்லியன். முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரரா இருந்தாலும் இஷ்டத்துக்கு அதைத் தாண்ட முடியாது. நம்ம இன்-ஹேண்ட் சம்பளம் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

ஐபிஎல்லோட பெரிய வித்தியாசம் ஒண்ணு இருக்கு. இங்க ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு மேலகூட ஓடியிருக்கு. கையெழுத்து போட்டா போட்டதுதான், "ஃபார்ம்ல இல்ல, கழட்டி விடுறேன்"னு சும்மா சொல்லிட முடியாது. அதனாலதான் அந்த ரசிகர்கள் ஒவ்வொரு வீரரையும் ஒரு லோன் மாதிரி பார்க்கிறாங்க.

இதுக்கு மினசோட்டா வைல்ட் டீமை விட நல்ல உதாரணம் கிடையாது.

2012. அந்த டீம் தொடர்ந்து நாலு சீசன் பிளேஆஃப் பக்கமே போகல. அந்த வருஷம் ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்னிக்கு, மார்க்கெட்லயே பெரிய ரெண்டு வீரர்களை ஒரே நாள்ல எடுத்தாங்க. ஸாக் பரீஸே, ரயன் சூட்டர். பரீஸே அதே ஊர்ப் பையன், மினியாபொலிஸ்ல பிறந்தவர். ஒவ்வொருத்தருக்கும் 13 வருஷம், 98 மில்லியன் டாலர். டாலருக்கு 85 ரூபாய்னு வெச்சாலும் ஒரு ஆளுக்கு 833 கோடி. ரசிகர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

இப்ப அந்த 98 மில்லியனைப் பிரிச்சுப் பார்ப்போம், சுவாரஸ்யமே அங்கதான் இருக்கு. முதல் ரெண்டு வருஷம் தலா 12, மூணாவது வருஷம் 11, அடுத்த அஞ்சு வருஷம் தலா 9, அப்புறம் 8, 6, 2, 1, 1. கூட்டிப் பாருங்க, 98 வரும். அதாவது 94 மில்லியன் முதல் பத்து வருஷத்துலயே கைக்கு வந்துடும். கடைசி மூணு வருஷம் வெறும் 4 மில்லியன்.

அந்தக் கடைசி மூணு வருஷம் எதுக்கு? உச்சவரம்புக் கணக்குல, அந்த வருஷம் நிஜமா கொடுத்த பணத்தை எழுத மாட்டாங்க. மொத்தத்தை வருஷத்தால வகுத்து வர்ற சராசரியைத்தான் எழுதுவாங்க. பத்து வருஷம்னா சராசரி 9.4 மில்லியன். பதிமூணு வருஷம்னு இழுத்தா 7.538 மில்லியன். கடைசியில ஒரு வாலை ஒட்டவெச்சு, ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்ல கிட்டத்தட்ட 1.9 மில்லியன் மிச்சம் பிடிச்சாங்க. அப்போ இது விதிக்கு உட்பட்டதுதான், வேற டீம்களும் செஞ்சதுதான்.

இது உங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச வித்தைதான். 50 லட்சம் ஹோம் லோன், 8.5 சதவீத வட்டி. 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 43,400. "சார், 30 வருஷம் போட்டுக்கோங்க, 38,450-தான் வரும்"னு சொல்வாங்க. மாசம் கிட்டத்தட்ட 5,000 குறையுது, கேட்க நல்லாத்தான் இருக்கு. மொத்த வட்டி மட்டும் சுமார் 54 லட்சத்துல இருந்து 88 லட்சத்துக்குப் போகும். அந்த வாலுக்கு 34 லட்சம் விலை.

சரி, வைல்ட் கதைக்கு வருவோம். கையெழுத்து போட்ட சில மாசத்துல, 2013 ஜனவரியில, லீக்கும் வீரர்கள் சங்கமும் புது ஒப்பந்தம் போட்டாங்க. அதுல ஒரு புது விதி: இந்த மாதிரி வால் ஒட்டின ஒப்பந்தத்துல வீரர் முன்கூட்டியே ஓய்வு பெற்றுட்டா, அதுவரை டீம் அனுபவிச்ச சலுகையெல்லாம் அபராதமா பட்ஜெட்ல திரும்ப ஏறும். ஏற்கனவே கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கும் இது பொருந்தும்னுட்டாங்க. இது அநியாயம்னு புலம்பின ரசிகர்கள் உண்டு, எனக்கும் அது நியாயமா படல. ஆனா நீண்ட காலக் கடன்னா இதுவும் சேர்ந்ததுதான். 2021-ல ஃப்ளோட்டிங் வட்டியில வீட்டுக் கடன் வாங்கினவங்களைக் கேட்டுப் பாருங்க. 2022 மே மாசம் வரை 4 சதவீதமா இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள்ள 6.5 ஆயிடுச்சு.

2012-ல எடுத்த முடிவே முட்டாள்தனம்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போக மாட்டேன். அதுக்கப்புறம் தொடர்ந்து ஆறு சீசன் பிளேஆஃப் போனாங்க, 2014-லயும் 2015-லயும் முதல் சுற்றை ஜெயிச்சாங்க. காசு கொடுத்ததுக்கு அனுபவிச்சாங்க. பிரச்சினை வாலோட நீளத்துல இருந்தது.

2021 ஜூலை. ரெண்டு பேருக்கும் 36 வயசு. இன்னும் நாலு வருஷ ஒப்பந்தம் பாக்கி. கோவிட் வந்து வருமானம் அடிவாங்கினதால உச்சவரம்பு மூணு சீசனா 81.5 மில்லியன்லயே நின்னுடுச்சு. இன்கிரிமென்ட் இல்லாத மூணு வருஷம்னு வெச்சுக்கோங்க. அப்போ மேனேஜரா இருந்த பில் கெரின் ஒரே நாள்ல ரெண்டு பேரையும் பைஅவுட் பண்ணிட்டார், அதாவது செட்டில் பண்ணி அனுப்பிட்டார்.

பைஅவுட் விதி என்னன்னா, பாக்கி சம்பளத்துல மூணுல ரெண்டு பங்கைக் கொடுக்கணும், ஆனா பாக்கி இருக்கிற வருஷத்தைப் போல ரெண்டு மடங்கு காலத்துல. ஒரு ஆளுக்கு பாக்கி 6, 2, 1, 1, மொத்தம் 10 மில்லியன். அதுல மூணுல ரெண்டு 6.67 மில்லியன், எட்டு வருஷத்துக்கு. வருஷத்துக்கு 8 லட்சத்து 33 ஆயிரம் டாலர். அட, இவ்வளவுதானான்னு தோணுதுல்ல?

பணமா பார்த்தா இவ்வளவுதான். பட்ஜெட் கணக்குல அப்படி இல்ல. 7.538 மில்லியன் சராசரி அப்படியே நிற்கும். பைஅவுட்டால அந்தந்த வருஷம் நிஜமா மிச்சமான சம்பளத்தை மட்டும்தான் அதுல கழிப்பாங்க. 1 மில்லியன் சம்பளம் இருந்த வருஷத்துல மிச்சம் வெறும் 1 லட்சத்து 67 ஆயிரம் டாலர். அதனால ரெண்டு பேருக்கும் சேர்த்து 2021-22-ல 4.74 மில்லியன், 2022-23-ல 12.74, அடுத்த ரெண்டு சீசனும் 14.74 மில்லியன். 2025-26-ல இருந்து நாலு வருஷத்துக்கு 1.67 மில்லியன்.

2023-24-ல உச்சவரம்பு 83.5 மில்லியன். அதுல 14.74-ன்னா 17 சதவீதத்துக்கு மேல. மாசம் 60,000 கைக்கு வர்ற ஒருத்தர், எப்பவோ வித்துட்ட காருக்கு மாசம் 10,500 கட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி. இதை அங்க "டெட் கேப்"னு சொல்வாங்க. நான் செத்த தவணைன்னு சொல்வேன்.

வலிச்சுதா? நல்லாவே வலிச்சது. 2021-22-ல அந்த டீம் 113 புள்ளி எடுத்துச்சு, டீம் வரலாற்றுலயே அதிகம். அந்த சீசன்ல கெவின் ஃபியாலா 85 பாயின்ட் எடுத்தார். ஒப்பந்தம் முடிஞ்சது, சம்பளம் ஏத்தித் தரணும். ஏத்த இடம் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ் டீமுக்கு மாத்தி விட்டாங்க, அங்க அவருக்கு வருஷம் 7.875 மில்லியன். அடுத்த சீசன் வைல்ட் டீமோட செத்த தவணை 12.74. அந்தப் பணத்துல ஃபியாலாவை வெச்சுக்கிட்டு மேல 4 மில்லியன் மிச்சமும் இருந்திருக்கும்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கொடுமை. 2023 பிளேஆஃப் முதல் சுற்றுல வைல்ட் டீமை வீட்டுக்கு அனுப்பினது டல்லாஸ். அந்த டல்லாஸ் டீம்ல ஆடிக்கிட்டு இருந்தவர் யாரு? ரயன் சூட்டர். சம்பளத்துல ஒரு பங்கை வைல்ட் கொடுத்துக்கிட்டு இருக்கு, அவரு எதிர் டீம்ல நின்னு தடுக்கிறாரு.

நல்லதும் ஒண்ணு நடந்துச்சு. ஃபியாலாவுக்குப் பதிலா வந்தவர்களில் ஒருத்தர் ப்ராக் ஃபேபர், சொந்த ஊர்ப் பையன். முதல் முழு சீசன்லயே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதோட இறுதிப் பட்டியலுக்கு வந்துட்டார். அப்போ அவர் சம்பளக் கணக்கு ஒரு மில்லியனுக்கும் கீழ. கையில காசு இல்லாத நாலு வருஷமும் இளம் பசங்களை நம்பித்தான் அந்த டீம் ஓடுச்சு. "பரவாயில்ல, 2025 வரட்டும்"னு ரசிகர்கள் நாளை எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

2025 ஜூலை வந்துச்சு. செத்த தவணை 14.74-ல இருந்து 1.67 ஆச்சு. உச்சவரம்பும் 88-ல இருந்து 95.5 ஆச்சு. ரெண்டும் சேர்த்து ஒரே வருஷத்துல 20 மில்லியனுக்கு மேல இடம். மார்க்கெட்டுக்குப் போனா, கடையில சரக்கே இல்ல!

காரணம் எளிது. உச்சவரம்பு இவங்களுக்கு மட்டுமா ஏறுச்சு? எல்லா டீமுக்கும் 7.5 மில்லியன் ஏறுச்சு. எல்லாரும் அவங்கவங்க வீரர்களை நல்ல விலை கொடுத்து வெச்சுக்கிட்டாங்க. ஃப்ளோரிடா டீம் பென்னட், எக்பிளாட், மார்ஷண்ட் மூணு பேரையும் போக விடல. (ஃப்ளோரிடாவுல மாநில வருமான வரி கிடையாது, மினசோட்டாவுல உச்சபட்சம் 9.85 சதவீதம். சிடிசி வேற, இன்-ஹேண்ட் வேறங்கிற சண்டை ஹாக்கியிலயும் உண்டு.) மினசோட்டாவுல பிறந்த ப்ராக் போசரை எப்படியும் எடுப்போம்னு ரசிகர்கள் நம்பினாங்க. அவர் ஜூலை 1 அன்னிக்கே வான்கூவர்ல 7 வருஷம், வருஷம் 7.25 மில்லியனுக்குத் திரும்பக் கையெழுத்து போட்டார். வைல்ட் எடுத்தது டெட்ராய்ட்டிலிருந்து டாரசென்கோ, பழைய ஆளு நிகோ ஸ்டர்ம். நாலு வருஷக் காத்திருப்புக்கு இதுதானான்னு ரசிகர்கள் கொதிச்சுட்டாங்க.

ஆபீஸ்ல எல்லாருக்கும் ஹைக் வந்த வருஷம் ஓஎம்ஆர்ல வீடு தேடினவங்களுக்கு இந்தக் கொதிப்பு புரியும். நம்ம கையில காசு வர்ற அன்னிக்கே பக்கத்துல நிக்கிறவன் கையிலயும் வந்திருக்கும்.

நீங்க ஒரு வேலை செய்யுங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, போன மூணு மாசத்துல தானா கழிஞ்ச ஒவ்வொரு தவணையையும் எழுதுங்க. பக்கத்துல "இப்பவும் ஆடுதா?"ன்னு ஒரு காலம். உடைஞ்ச போனோட இஎம்ஐ, ரெண்டு வருஷம் முன்ன மணாலி போன ட்ரிப்புக்கு வாங்கின பர்சனல் லோன், கிரெடிட் கார்டுல மாத்திவிட்ட பழைய பில். ஆடாததை எல்லாம் கூட்டி இன்-ஹேண்டால வகுங்க. 5 சதவீதத்துக்குள்ள இருந்தா அப்படியே ஓடட்டும். 15-ஐத் தாண்டுதுன்னா, அடுத்த இன்கிரிமென்ட்டை எதுக்கும் ஒதுக்கிடாதீங்க, அது ஏற்கனவே செலவாயிடுச்சு. முன்கூட்டியே அடைக்க முடியுமான்னு பாருங்க, ப்ரீக்ளோஷர் கட்டணம் எவ்வளவுன்னு கேட்டுட்டு. மாசத் தவணையைக் குறைச்சு காலத்தை நீட்டித் தர்றோம்னு போன் வந்தா, மேல இருக்கிற எட்டு வருஷக் கணக்கை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

வைல்ட் ரசிகர்களுக்கு இப்ப அடுத்த விவாதம் ஓடுது. மிச்சமான அந்த இடத்தை வெச்சு, 2025 செப்டம்பர் 30-ல தங்களோட சொந்த வீரர் கிரில் கப்ரிசாவோட 8 வருஷம், 136 மில்லியனுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. வருஷத்துக்கு 17 மில்லியன், லீக்ல அதுவரை யாருக்கும் இல்லாத தொகை. அது ஆரம்பிக்கிற 2026-27-ல உச்சவரம்பு 104 மில்லியன். அப்போ இவரோட பங்கு 16 சதவீதத்துக்குச் சற்று மேல. செத்த தவணை 2024-25-ல தின்னதும் கிட்டத்தட்ட அதே 16 சதவீதம்தான். கிட்டத்தட்ட அதே பங்கு, இந்தத் தடவை ஆள் களத்துல இருக்கார். அடுத்த வருஷம் உச்சவரம்பு 113.5 ஆகும்போது பங்கு 15-க்கு வந்துடும், தைரியமா போடலாம்னு ஒரு கோஷ்டி சொல்லுது. ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 37 வயசு, பரீஸேவையும் சூட்டரையும் அனுப்பினப்போ அவங்களுக்கு 36-தான்னு இன்னொரு கோஷ்டி ஞாபகப்படுத்துது. அந்த ரெண்டு பேர் கணக்குல வருஷம் 1.67 மில்லியன் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு, 2028-29 வரைக்கும்.