இடப்புறமா, வலப்புறமா? வடசென்னைத் துறைமுகங்கள் புயலை எதிர்நோக்கும் முறை

ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் முகத்துவாரம் ஆகியவற்றைக் கடந்து காட்டுப்பள்ளி வரை நீளும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கடற்கரையில் சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூரின் காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய நான்கும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இத்துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகிறது. எண் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்பதே பொதுவான புரிதல். அது பாதி உண்மைதான்; அந்த எண்கள் புயலின் வலிமையை மட்டுமன்றி, துறைமுகத்தின் எந்தப் பக்கமாக அது கரையைக் கடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கின்றன.

இந்தியத் துறைமுகங்களின் பொது எச்சரிக்கை முறையில் 11 குறியீடுகள் உள்ளன. பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகளும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் கொடிமரத்தில் ஏற்றப்படுகின்றன. முதல் இரண்டு எண்கள் தொலைதூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமோ புயலோ உருவாகியிருப்பதைக் குறிக்கின்றன. மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கே மோசமான வானிலை நேரக்கூடும் என்று எச்சரிக்கின்றன. ஐந்து முதல் பத்து வரையிலான எண்கள் இரண்டு தொகுதிகளாகப் பிரிகின்றன. 5, 6, 7 ஆகியவை ஆபத்தையும், 8, 9, 10 ஆகியவை பேராபத்தையும் சுட்டுகின்றன. ஒவ்வொரு தொகுதியிலும் முதல் எண் புயலின் பாதைக்கு இடப்புறத்தில் துறைமுகம் இருக்கும் என்பதையும், இரண்டாவது எண் வலப்புறத்தில் இருக்கும் என்பதையும், மூன்றாவது எண் புயல் துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்கும் என்பதையும் தெரிவிக்கின்றன. ஆகவே ஒன்பதாம் எண் எட்டாம் எண்ணைவிட வலிய புயலைக் குறிப்பதன்று. அவற்றிடையே வேறுபடுவது பக்கம் மட்டுமே. வானிலை மையத்துடனான தகவல் தொடர்பு அறுந்துபோன நிலையைத் தெரிவிக்கும் 11ஆம் எண் இவை எல்லாவற்றிலிருந்தும் தனித்து நிற்கிறது.

பக்கம் இத்துணை முக்கியமாவதற்குக் காரணம் காற்றின் சுழற்சி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயலைச் சுற்றியுள்ள காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. வங்கக்கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் புயல் தமிழகக் கரையைத் தொடும்போது, அதன் பாதைக்கு வலப்புறமான வடபகுதியில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசிக் கடல்நீரைக் கரையில் குவிக்கிறது. இடப்புறமான தென்பகுதியில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர்மட்டம் அவ்வளவாக உயர்வதில்லை. 2012 அக்டோபர் 31 அன்று நிலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது வடசென்னை அதன் வலப்புறத்தில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தமிழகக் கரையைத் தொடாமல் கடலிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியதால், சென்னை அதன் இடப்புறத்தில் அமைந்தது.

முன்னறிவிப்பின் கடினம் இங்கேதான் தொடங்குகிறது. புயலின் மையம் எங்கே இருக்கும் என்று 24 மணி நேரத்திற்கு முன் கணிப்பதில் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு நேரும் சராசரிப் பிழை அண்மை ஆண்டுகளில் சுமார் 75 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. உலகத் தரத்தில் இது நல்ல அளவே. ஆயினும் எண்ணூருக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையிலான நேர்த்தொலைவு ஏறத்தாழ அதே அளவுதான் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒரு நாளுக்கு முன் சொல்லப்படும் கணிப்பில் எண்ணூர் இடப்புறத்தில் இருக்குமா வலப்புறத்தில் இருக்குமா என்பதே மாறிவிடக்கூடும் என்பது விளங்கும். புயல் தன்னாற்றலால் மட்டும் நகர்வதில்லை. அதைச் சூழ்ந்துள்ள நடு வளிமண்டலக் காற்றோட்டம் இழுத்துச் செல்லும் திசையிலேயே பெரிதும் செல்கிறது. அக்காற்றோட்டம் வலுவிழந்திருக்கும்போது புயல் தயங்கி நிற்பதும், கணினி மாதிரிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் இயல்பு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் அவ்வாறே நடந்துகொண்டது. எதிர்பார்க்கப்பட்டதைவிடத் தாமதமாக 29ஆம் தேதியே புயலாக வலுப்பெற்ற அது, மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையேறிய பின்னும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிட்டதால், விழுப்புரம், புதுச்சேரிப் பகுதிகளில் பெருமழை கொட்டியது. இத்தகைய தடுமாற்றத்தை முன்னறிவிப்பின் தோல்வியாகப் பார்ப்பது நியாயமாகாது.

மீனவர்களுக்கான எச்சரிக்கை வேறொரு நடையில் வருகிறது. "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும்" என்ற அமைப்பில் வரும் அறிக்கையில், முதலில் சொல்லப்படுவது சில நிமிடங்களுக்குச் சராசரியாக நிலவும் வேகம். பிந்தியது சில நொடிகளுக்கு மட்டும் எழும் வீச்சு. அறிக்கையில் சூறாவளிக் காற்று என்ற சொல் இடம்பெறுவதால் புயல் உருவாகிவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை, ஏனெனில் சுழற்சியின் காற்று 62 கிலோமீட்டரை எட்டினால்தான் அது புயல் என்ற பெயருக்கு உரியதாகிறது. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். ஆனால் ஒன்பது மீட்டர் நீள ஃபைபர் படகில் இருப்பவருக்கு இவ்வகைப்பாட்டால் பெரிய பயனில்லை, ஏனெனில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமே அப்படகைக் கவிழ்க்கப் போதுமானது.

காற்றைவிட அலையே படகுக்கு நேரான ஆபத்து. அலையின் உயரத்தையும் திசையையும் ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கணித்து வெளியிடுகிறது. அந்த அறிக்கையில் அலை உயரம் 2.5 மீட்டர் என்றிருந்தால், எல்லா அலைகளும் அவ்வுயரத்துக்குள் அடங்கும் என்று பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எழும் அலைகளுள் மிக உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியே அந்த எண், ஆதலால் சில மணி நேரத்திற்குள் தனியொரு அலை ஏறத்தாழ அதன் இருமடங்கு உயரத்துக்கும் எழக்கூடும். இதனினும் கவனம் குறைவாகப் பெறுவது, ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே கழியும் நேரமாகிய அலைக்காலம். எட்டு நொடி இடைவெளியில் வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர். பதினாறு நொடி இடைவெளியில் வருவதன் நீளம் 400 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதியளவு ஆழத்திலேயே கடலடியை உணரத் தொடங்குவதால், தொலைதூரப் புயல்களில் பிறந்து வரும் நீண்ட அலை கரைக்கு வெகுமுன்பே வேகம் குறைந்து உயர்ந்தெழுகிறது. உள்ளூரில் காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் காசிமேட்டுத் துறைமுக வாயிலில் அலை மறித்து எழுவதற்கு இது காரணமாகலாம். உயரத்தோடு அலைக்காலத்தையும் வானொலி அறிவிப்பில் சேர்த்துச் சொல்வது எளிது. அது உயிர் காக்கும் தகவலும்கூட.

ஒரே முன்னறிவிப்பு இத்துறைமுகங்களில் இரண்டு எதிரெதிரான செயல்களைத் தூண்டுகிறது. காசிமேட்டு விசைப்படகுகள் கரை திரும்பி நெருக்கமாகக் கட்டப்படும் அதே வேளையில், சென்னைத் துறைமுகத் தளங்களில் நிற்கும் பெருங்கப்பல்கள் ஆழ்கடலுக்கு அனுப்பப்படுகின்றன, ஏனெனில் கட்டப்பட்ட கப்பல் அலையின் தள்ளலில் தளத்தோடு மோதித் தானும் சிதைந்து தளத்தையும் சிதைக்கும். திறந்த கடலில் இயந்திரத்தை இயக்கியபடி அலையை எதிர்கொள்ள அதற்கு இடம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையே மிகவும் ஆபத்தானது. நிலம் புயலின்போது துறைமுகத்திற்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளுள் சிலர் அது கவிழ்ந்து மாண்டனர்.

கணிப்புக்குத் துணைநிற்கும் கருவிகளுள் முதன்மையானது துறைமுகத்திற்கு அருகிலேயே இருக்கிறது. ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் நாட்டின் முதல் டாப்ளர் வானிலை ரேடாராகும். மழைத்துளியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு அது காற்றின் வேகத்தை அளக்கிறது. பூமியின் வளைவால் 250 கிலோமீட்டர் தொலைவில் அதன் கதிர் கடல்மட்டத்திற்கு நான்கு கிலோமீட்டருக்கும் மேலே சென்றுவிடுகிறது. அங்கே படகின் உயரத்தில் வீசும் காற்றை அளக்க ரேடாரால் இயலாது. அந்த இடைவெளியை நிரப்புபவை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக்கடலில் நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கும் மிதவைகள். அவை கடற்பரப்பிலேயே காற்றையும் அலையையும் நீரின் வெப்பத்தையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன.

இவ்வளவு இருந்தும் கடல் முன்னறிவிப்பு கரையோடு நின்றுவிடுவது வடசென்னைக்குப் பெருங்குறை. இங்கே கரையே மனிதர் கையால் மாற்றப்பட்டது. கட்டி முடியும் முன்பே 1881 நவம்பர் புயலில் சிதைந்து, பின்னர் எழுப்பப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால், மெரினா அகன்றது. ராயபுரமும் திருவொற்றியூரும் மணலை இழந்தன. இன்று எண்ணூர் விரைவுச்சாலையைக் காக்கப் பாறைகளும் தூண்டில் வளைவுகளும் போடப்பட்டிருக்கின்றன. புயல் எச்சரிக்கை வரும்போது படகை இழுத்தேற்றி வைக்க வேண்டிய மணற்பரப்பு பல குப்பங்களில் குறுகிவிட்டது.

எண்ணூர் முகத்துவாரத்தில் இக்குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கொசஸ்தலை ஆறும் பக்கிங்ஹாம் கால்வாயும் கொண்டுவரும் வெள்ளம் கடல்மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் வடிய இயலாமல் தேங்குகிறது. மிக்ஜாம் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் இவ்வழியே வந்து, படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிலும் படிந்தது. சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் எண்ணெய் பரவியிருந்ததாகக் கடலோரக் காவல்படை மதிப்பிட்டது. அந்நாள்களில் கூண்டின் எண்ணும் காற்றின் வேகமும் முறையாகவே அறிவிக்கப்பட்டன. மழையளவை நுங்கம்பாக்கம் வானிலை மையமும், ஓதத்தையும் அலையையும் இன்காய்ஸும், ஏரிகளிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவை நீர்வளத் துறையும் தனித்தனியே வெளியிடுகின்றன. எண்ணூரின் காட்டுக்குப்பத்து மீனவருக்கும் மணலி ஆலையின் பாதுகாப்பு அதிகாரிக்கும் தேவைப்படுவது, இம்மூன்றையும் இணைத்து, முகத்துவாரத்தில் நீர்மட்டம் எந்த மணியில் எவ்வளவு உயரும், எந்த மணியில் வடியத் தொடங்கும் என்று ஒரு நாளுக்கு முன்பே சொல்லும் ஒரே அறிக்கை.