எண்ணிக்கை சரிதானா?

ஆபரேஷன் என்றால் இன்றும் நம் வீடுகளில் ஒரு நடுக்கம் உண்டு. மயக்கம் தெளியுமா, தையல் போட்ட இடம் ஆறுமா, சீழ் பிடிக்காமல் இருக்குமா என்றெல்லாம் கேட்கிறோம். உள்ளே வைத்த பொருள்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டனவா என்று மட்டும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றுவதும் இல்லை. படித்தவர் பலர் கூடிச் செய்யும் காரியத்தில், ஒரு துணியை உள்ளே விட்டுவிட்டு வயிற்றைத் தைத்துவிடுவார்கள் என்று யார்தான் எண்ணுவார்கள்? ஆயினும் அது நடக்கிறது. பெயர் பெற்ற மருத்துவமனைகளிலும் நடக்கிறது. மருத்துவம் பயிலும் மாணவன் என்ற முறையில், அது எப்படி நேர்கிறது, எப்படித் தடுக்கப்படுகிறது என்பதைப் பிற துறைகளில் பயிலும் நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

வயிற்றில் தங்கிய பொருள் என்றதும் கத்திரிக்கோல் தெரியும் எக்ஸ்ரே படமே பலருக்கு நினைவு வரும். செய்தித்தாள்கள் விரும்பி அச்சிடுவது அதைத்தான். உண்மையில் பெரும்பாலும் தங்குவது துணி. ரத்தத்தை ஒற்றி எடுக்கவும், குடலை ஒதுக்கிப் பிடிக்கவும் டாக்டர்கள் காஸ் துண்டுகளையும், ‘மாப்’ என்று வழங்கும் பெரிய துணிகளையும் பயன்படுத்துகிறார்கள். உள்ளே போகும்போது அது வெள்ளை வெளேரென்று இருக்கும். ரத்தத்தில் நனைந்து கசங்கியபின், சுற்றியுள்ள சதைக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. குடலின் மடிப்புக்குப் பின்னால் ஒன்று நழுவிவிட்டால் எவ்வளவு கூரிய கண்ணும் ஏமாந்து போகும்.

பருத்தித் துணியை உடல் செரித்துக்கொள்ளாது. அதில் கிருமி சேர்ந்துவிட்டால் சில நாள்களிலோ வாரங்களிலோ சீழ்க்கட்டி உண்டாகிறது. காய்ச்சலும் வலியும் வந்து சேதி சொல்கின்றன. கிருமி சேராவிட்டால், உடல் அந்தத் துணியைச் சுற்றி நார்ப்பொருளால் ஓர் உறையைக் கட்டி, அதைச் சிறை வைத்துவிடுகிறது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். விட்டு விட்டு வலிக்கவும் செய்யலாம். என்றோ ஒரு நாள் ஸ்கான் எடுக்கும்போது அது கட்டிபோலத் தோன்றும். புற்றுநோயோ என்ற அச்சத்துடன் வயிற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது பழைய துணி! மருத்துவ நூல்கள் இதற்குக் ‘காசிபிபோமா’ என்று பெயர் சூட்டியுள்ளன. பருத்தியைக் குறிக்கும் லத்தீன் சொல்லும், ஒளிவிடம் என்ற பொருளில் எடுத்துக்கொண்ட சுவாஹிலிச் சொல்லும் சேர்ந்து பிறந்த பெயர் அது.

நம் நாட்டு நீதிமன்றங்கள் கண்ட வழக்கு ஒன்றைப் பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் அந்நாளில் ஔரங்காபாத் என வழங்கிய ஊரில், 1963 ஜூலை மாதம், பிரசவத்திற்காக ஒரு பெண்மணி அரசு மருத்துவமனையில் சேர்ந்தார். குழந்தை பிறந்தது. 13ஆம் தேதி கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். அதன்பின் கடுங்காய்ச்சலும் வலியும் கண்டன. 19ஆம் தேதி மறுபடியும் வயிற்றைத் திறந்தபோது உள்ளே ஒரு ‘மாப்’ கிடந்தது, சுற்றிலும் சீழ். 24ஆம் தேதி அவர் இறந்துபோனார். கணவரும் குழந்தைகளும் தொடுத்த வழக்கில் கீழ்க்கோர்ட்டு 36,000 ரூபாய் ஈடு அளித்தது. மேல்முறையீட்டில் அது தள்ளுபடியாயிற்று. இறுதியில் உச்ச நீதிமன்றம் 1996இல் அந்தத் தொகையை நிலைநாட்டியது. துணி உள்ளே கிடந்ததே கவனக்குறைவுக்குச் சான்று. தவறியவர் இன்ன டாக்டர் என்று சுட்டிக் காட்ட முடியாவிட்டாலும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நியாயம் கிடைத்தது, ஆனால் பிறந்த குழந்தைக்கு 33 வயது ஆகும் காலத்தில் கிடைத்தது!

இத்தகைய விபத்தைத் தடுக்க மருத்துவ உலகம் கண்ட வழி மிக எளியது: எண்ணுதல். ஹாஸ்டலில் சலவைக்குத் துணி போடுகிற நண்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. போடும்போது ஒரு கணக்கு, வாங்கும்போது ஒரு கணக்கு. ஆபரேஷன் கூடத்திலும் அதே முறைதான். மேசையருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுக்கும் நர்சும், வெளியே நின்று வேண்டியதைக் கொண்டுவந்து தரும் நர்சும் சேர்ந்து, வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுகிறார்கள். கத்தி வைப்பதற்கு முன் ஒரு முறை, உள்ளறையை மூடுமுன் ஒரு முறை, தோலைத் தைக்கும்போது ஒரு முறை. ஆள் மாறினால் அப்போதும் ஒரு முறை. கணக்கு உதைத்தால் தையலை நிறுத்திவிட்டு, வயிற்றிலும் தரையிலும் குப்பைக் கூடையிலும் தேட வேண்டும். அகப்படாவிட்டால் அங்கேயே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இதற்காகவே அந்தத் துணிகளில் எக்ஸ்ரேக்குப் புலப்படும் பேரியம் கலந்த இழை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அந்த இழை இல்லாத சாதாரணத் துணியைப் பயன்படுத்தினால் படத்தில் ஒன்றும் தெரியாது.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். அளந்து போட்டும் தவறுவது எப்படி? அமெரிக்காவில் டாக்டர் அதுல் கவாண்டேயும் அவருடைய கூட்டாளிகளும் இத்தகைய 54 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். தங்கிய 61 பொருள்களில் 69 சதவீதம் துணி. அவசர ஆபரேஷனில் இந்த ஆபத்து ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆபரேஷனின் நடுவே திட்டம் மாறினால் நான்கு மடங்கு. எல்லாவற்றையும் விட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு செய்தி. எண்ணிக்கை செய்யப்பட்ட நிகழ்ச்சிகளில் 88 சதவீதத்தில், கணக்கு சரி என்றே முடிவு கட்டியிருந்தார்கள்!

இது விந்தையன்று. பத்துத் துணி இருக்க வேண்டிய கட்டில் பதினொன்று இருந்து, ஒட்டிக்கொண்ட இரண்டை ஒன்றாக எண்ணிவிட்டால், கடைசியில் பத்து வெளிவந்ததும் கணக்கு சரியாகிவிடும். பதினொன்றாவது உள்ளேயே இருக்கும். நள்ளிரவில், ரத்தம் பெருகும் வேளையில், ஒருவர் போய் மற்றொருவர் வந்து எண்ணும்போது இதற்கு எவ்வளவோ இடம் உண்டு. ஆகவே ‘அந்த டாக்டர் அஜாக்கிரதைக்காரர்’ என்று ஒருவரை ஏசிவிட்டுப் போவதால் பயனில்லை. ஜாக்கிரதையானவரும் களைத்துப் போவார் என்று எதிர்பார்த்து ஏற்பாடு செய்வதே அறிவுடைமை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல் அப்படிப்பட்ட ஏற்பாடு. அதில் 19 அம்சங்கள் உள்ளன. நோயாளி கூடத்தை விட்டுச் செல்லுமுன், கருவி, துணி, ஊசி ஆகியவற்றின் கணக்கை நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, மரணங்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தன. இந்தப் பயன் பட்டியல் முழுவதற்கும் உரியது; துணிக் கணக்குக்கு மட்டும் உரியதன்று.

அந்தப் பட்டியலில் என்னைக் கவர்ந்த இன்னோர் அம்சம் உண்டு. கத்தி வைக்குமுன் கூடத்தில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். இது வெறும் சடங்கு என்று சிரிப்பவர் உண்டு. ஆனால் ஒரு முறை வாய் திறந்தவருக்கு மறுமுறை திறப்பது எளிது. “ஐயா, ஒரு துணி குறைகிறது” என்று இளம் நர்ஸ் ஒருத்தி சொல்லும்போது, பெரிய டாக்டர் முகம் சுளிப்பாரா, ஊசியைக் கீழே வைப்பாரா? நோயாளியின் உயிர் அந்தக் கணத்தில்தான் ஊசலாடுகிறது. பெரியவர்முன் வாய் பொத்தி நிற்பதே மரியாதை என்று வளர்ந்த நம் நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலகையும் பேரியமும் விலைக்குக் கிடைக்கும். சின்னவர் சொல்லைக் கேட்கும் பழக்கம் விலைக்குக் கிடைக்காது.

நோயாளிகளும் அறிய வேண்டியது ஒன்றுண்டு. உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், 1993இல் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்மணியின் வயிற்றிலிருந்து 2002இல் காஸ் துணி எடுக்கப்பட்டது. 2004இல் நுகர்வோர் மன்றம் சென்றார். காலம் கடந்துவிட்டதென வழக்கு நிராகரிக்கப்பட்டது. இத்தனை ஆண்டு வலித்தும் முன்பே ஏன் காரணத்தை ஆராயவில்லை என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அந்தப் பெண்மணி நர்ஸாகப் பணியாற்றியவர் என்பதும் கணக்கில் கொள்ளப்பட்டது. மருத்துவமனையிலேயே வேலை பார்த்தவருக்கு இந்த நிலை என்றால் நம் கிராமத்துத் தாய்மார்களின் கதி என்ன?

ஆகவே, ஆபரேஷனுக்குப் பின் ஆறாத வலியோ, விட்டு விட்டு வரும் காய்ச்சலோ இருந்தால், ‘கத்தி பட்ட உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஆபரேஷனைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இதை அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லுங்கள். வலியை வாய்விட்டுச் சொல்லாமல் காலம் தள்ளுகிறவர்கள் அவர்களே.