பற்பீங்கானும் வெற்றிட உலையும்

பழுகாமம் முதலிய படுவான்கரை ஊர்களில் எருமைத் தயிரை மட்சட்டியில் உறையவிடுதல் யாவரும் அறிந்த வழக்கு. சட்டிச் சுவரின் நுண்டுளைகள் நீரை ஓரளவு உறிஞ்சுதலால் தயிர் இறுகுகின்றது. ஆங்கே துளை குணம். பல்லுக்கெனச் சுடும் பீங்கானிலோ அதுவே பெருங்குற்றம். அக்குற்றத்தைக் களையுமாற்றை ஈண்டு நோக்குவாம்.

பற்பீங்கான் பெரும்பாலும் பெல்சுபாரிலிருந்து பெற்ற கண்ணாடித் தூளாலாயது. தூளைக் குழைத்துப் பல்லுருவாக்கி, அதிர்த்து, நீரை ஒற்றியெடுத்த பின்னரும் மணிகளிடையே இடைவெளி எஞ்சும். சுடுங்கால் மணிகளின் விளிம்பு இளகி ஒன்றோடொன்று ஒட்ட, அவ்விடைவெளியிலுள்ள வளி குமிழாய்ச் சிறைப்படும். குமிழ்கள் ஒளியைச் சிதறச் செய்தலால் பல் சுண்ணாம்புபோல் வெளிறித் தோன்றும், வலிமையும் குன்றும், பின்னர் அராவும்போது துளைகள் வாய்திறந்து கறை பற்றும். முன்வாய்ப் பல்லை இழந்தவர் கூசாது சிரிப்பதும் கையால் வாயை மறைப்பதும் இச்சிறு குமிழ்களைப் பொறுத்தன.

வைன்சு, செம்மெல்மன் என்போர் 1957இல் பற்பீங்கானை அடர்த்தியாக்குதல் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். வளியிற் சுட்டால் நூற்றுக்கு ஐந்தாறு பங்காயிருக்கும் துளைகள் வெற்றிடத்திற் சுட்டால் ஒரு பங்கிலுங் குறையும்.

எனினும் பம்பியை இயக்கிவிட்டால் மட்டும் போதாது; காலமே முதன்மையானது. முதலில் உலைவாயிலில் மெல்ல உலர்த்தல் வேண்டும். அவசரப்பட்டால் நீராவி உருவத்தை வெடிக்கச் செய்யும். பொதுவாக 500 முதல் 600 பாகை சதமவளவையில் வெற்றிடம் தொடங்கும். மேற்பரப்பு இளகி மூடிய பின் தொடங்குவதாற் பயனில்லை. உச்ச வெப்பநிலையை அண்மியதும் வளியை உள்ளே விடவேண்டும். 76 சதம மீற்றர் இரச அமுக்கத்தில் 72ஐ அகற்றியிருந்தால், குமிழினுள் எஞ்சியது 4 மாத்திரமே. வெளியமுக்கமோ அதனிலும் 19 மடங்கு. பொயிலின் விதிப்படி குமிழ் நசுங்கிச் சுருங்கும். இளகிய பீங்கானை வெற்றிடத்தில் நெடுநேரம் வைத்தாலோ, எஞ்சிய வளி விரிந்து பல்லை உப்பச் செய்யும். ஈற்று மெருகுச் சூளையை வெற்றிடமின்றிச் சுடுவதும் இதுபற்றியே.

அமுக்கமானியின் எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். பல மானிகள் புறத்து அமுக்கத்திற்கும் உலையினுள் அமுக்கத்திற்கும் உள்ள வேறுபாட்டையே காட்டுவன. எமது வாவிக்கரை கடல்மட்டத்தை ஒட்டியதாதலின் 72 இங்கு எய்தற்பாலது. பேராதனையோ சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே புறவமுக்கமே ஏறக்குறைய 72தான். அங்கு 68 காட்டும் உலை செவ்விய உலை. மட்டக்களப்பில் அதே 68 காட்டினால் 8 எஞ்சிற்று என்பது பொருள்: பம்பியையோ கதவின் அடைப்பு வளையத்தையோ சோதித்தல் தகும். நுவரெலியாவில் முள் 61ஐத் தாண்டுதல் அரிது. அங்கே 72ஐ எதிர்பார்த்துப் பம்பியைக் குறைகூறுவது வீண்.

ஐயமெழுந்தால், நிறமற்ற பீங்கானில் ஒரு சிறு துண்டைச் சுட்டு வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கலாம். வெப்பநிலை சரியாயிருந்தும் அது பால்போல் மங்கித் தோன்றின், வெற்றிடம் போதவில்லை.