வழி திறந்தவர்க்கு ஒரு முத்திரை

உடையார்கட்டிலே ஒருநாட் காலை, பத்தாந் தர மாணாக்கர்க்கு நடுகல்லைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, அவன் பெயரும் செயலும் பொறித்து வழிபட்ட முறையைத் தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறாக வகுத்தமை தமிழ் பயின்றார் அறிந்ததே. பாடம் முடிந்ததும் மாணவி ஒருத்தி அப்பியாசக் கொப்பி ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். அதன் ஒற்றைகளிலே பழைய தபால் முத்திரைகள் ஒட்டப்பட்டிருந்தன. அவளுடைய பாட்டனார் சேர்த்தவை. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரே பெயர்ந்து கிழக்கு நோக்கி நடந்தபோது, பானையும் பாயும் கட்டிய மூட்டைக்குள் இக்கொப்பியையும் அவர் வைத்திருந்தாராம். மீண்டு வந்தபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை, கொப்பி இருந்தது.

முத்திரை ஒன்றைச் சுட்டி அவள் வினவினாள்: “ஐயா, இதுவும் நடுகல் மாதிரித்தானே?”

அது 1980ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்டது. ‘மதராஸ் சாப்பர்ஸ்’ என்னும் படைப்பிரிவின் இருநூறாம் ஆண்டு நினைவு முத்திரை. அவளுடைய வினாவுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அன்று சொல்லாததையே இங்கு எழுதுகின்றேன்.

கல்லும் தாளும்

தபால் முத்திரை 1840இல் இங்கிலாந்திலே பிறந்தது. இலங்கை 1857இல் தனக்கென முத்திரை கண்டது. தொடக்கத்தில் அரசியின் தலையன்றி வேறொன்றும் அதில் இடம்பெறவில்லை. பின்னரே அறிஞரும் ஆலயங்களும் பறவைகளும் படைகளும் அச்சிறு தாளிற் குடியேறின. இந்தியா தன் வான்படையின் வெள்ளிவிழாவை 1958இல் இரு முத்திரைகளாற் கொண்டாடியது. அவற்றிற் பழைய ‘வாப்பிற்றி’ விமானமும் அன்றைய ‘ஹன்ரர்’ விமானமும் இடம்பெற்றன. நம் நாட்டிலும் முப்படைகளுக்கு முத்திரைகள் வெளிவந்துள்ளன.

நடுகல்லுக்கும் முத்திரைக்கும் உள்ள வேற்றுமை யாது? நடுகல்லுக்கு ஓர் ஊர் போதும். முத்திரைக்கோ ஓர் அரசு வேண்டும். 1943இல் ஆசாத் ஹிந்து இயக்கத்துக்கென ஜெர்மனியில் முத்திரைகள் அச்சிடப்பட்டன. அழகிய முத்திரைகள்தாம். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையிற் சேர்ந்த தமிழ் இளைஞரும் மகளிரும் எத்தனையோ பேர். எனினும் அம்முத்திரை ஒட்டிய கடிதம் ஒன்றேனும் அவர்தம் தாயரைச் சென்று சேரவில்லை. அவற்றைப் பயன்படுத்த ஓர் அஞ்சலகம் அமையாமலே போயிற்று. அவர்களுள் இறந்தவர்க்கு ஊரார் கல் நட விரும்பியிருந்தால், அதற்கு எவருடைய இசைவும் வேண்டியிருந்திராது.

மற்றொரு வேற்றுமையும் உண்டு. கல் ஒருவனுடைய பெயரைச் சொல்லும். படைமுத்திரையோ படையின் பெயரைச் சொல்லி அமையும்.

மண்ணைத் தோண்டும் படை

‘சாப்பர்’ என்பது பிரெஞ்சு மொழிவழி வந்த சொல். கோட்டைச் சுவரை நோக்கி அகழ் தோண்டிச் செல்பவன் என்பது அதன் முதற்பொருள். நம் உழிஞைத்திணையிலும் அகழி கடத்தலும் மதில் ஏறலும் பேசப்படுகின்றன. ஏறியவனைப் பாடினர் புலவர். அவன் ஏறுதற்கு அகழியைத் தூர்த்தவனைப் பாடினார் அரியர்.

1780இல் சென்னையிலே கிழக்கிந்தியக் கம்பெனியார் ‘பயனியர்’ என்ற பெயரில் இரு அணிகளைத் திரட்டினர். அவையே வளர்ந்து, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இப்படையாயின. பாதை வெட்டுதல், பாலம் கட்டுதல், அரண் தகர்த்தல், வெடி புதைத்தல், புதைத்த வெடியை அகற்றுதல் ஆகியன இவர்தம் தொழில். இவர்களைப் பிற படையினர் ‘தம்பி’ என்றே அழைப்பர். ஒரு படைக்குத் தமிழ் உறவுப்பெயரே விருதுப்பெயராய் அமைந்தமை எண்ணி மகிழ்தற்குரியது.

இத்தம்பியருள் ஒருவரே சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரப் பகுதியைச் சேர்ந்தவர். 1944இல் இத்தாலி நாட்டிலே, மிஞ்ஞானோ என்னும் ஊரருகே, கண்ணிவெடி அகற்றும் குழுவுக்குத் தலைவராய்ச் சென்றார். உடன் வந்தவனொருவன் வெடியொன்றை மிதித்தான். அது வெடித்தற்குச் சில கணங்களே இருந்தன. சுப்பிரமணியன் அதன்மேற் பாய்ந்து தம் உடலால் அதை மூடினார். அவர் மாண்டார், ஏனையோர் பிழைத்தனர். ஜோர்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது அவர் இறந்தபின் வழங்கப்பட்டது. முத்திரை முகப்பில் அவர் பெயர் இல்லை. அது படையின் பெருமைக்கென வெளிவந்தது. ஆளின் பெருமைக்கு அன்று.

கட்டுதலும் இம்மரபினர் தொழிலே. கொள்ளிடத்து மேலணையை 1836இல் எழுப்பத் தொடங்கிய ஆர்தர் கொட்டனும், முல்லைப்பெரியாற்று அணையை 1895இல் முடித்த பென்னிகுவிக்கும் சென்னைப் பொறியாளர் அணியில் இருந்தவர்களே. தேனி மாவட்டத்து உழவர் பென்னிகுவிக்குக்கு இன்றும் பொங்கலிடுகின்றனர். எம் ஊர்ப்பெயரை நோக்குங்கள். உடையார் என்பது பதவிப்பெயர். கட்டு என்பது நீரைத் தடுக்கும் அணை என்றே யான் பொருள் கொள்வேன். அணை கட்டியவனை மறவாத ஊர்ப்பெயரும் ஒருவகை நடுகல்லே.

மறுபக்கம்

ஆயினும், திறக்கப்பட்ட வழிகள் எல்லாம் நல்வழிகள் ஆகா. 1801இலே கம்பெனிப் படை காட்டை வெட்டிப் பாதை திறந்துகொண்டே மருதிருவரின் காளையார்கோவிலை நெருங்கியது. வெட்டிய கைகளுள்ளும் தமிழ்க் கைகள் இருந்திருக்கும். 1987 முதல் 1990 வரை இந்தியப் படை எம் வீதிகளில் நின்றபோது எனக்குப் பதின்ம வயது. தமிழ் பேசும் சிப்பாய் ஒருவர் எம் கிணற்றடியில் நின்று, “தம்பி, கொஞ்சம் தண்ணி தா” என்றார். கொடுத்தேன். அவர் மொழி என் மொழி. ஆனால் அவர் தோளில் துவக்கு இருந்தது.

முத்திரை இவற்றைச் சொல்லாது. சொல்லவும் அதனால் இயலாது. வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனை நோக்கி, தோற்று வடக்கிருந்தவனே அவனினும் நல்லவன் என்று பாடினாள் வெண்ணிக்குயத்தி, மண் பிசையும் குயவர் குடியிற் பிறந்தவள். அத்துணிவு அரசு அச்சிடும் தாளுக்கு எங்ஙனம் வரும்? ஆகலின் படைமுத்திரையைக் காணும் மாணாக்கர் அதனை வெறுக்கவும் வேண்டா, வணங்கவும் வேண்டா. அதிற் பொறித்ததைப் படித்து, பொறியாது விட்டதைத் தேடுக.

முகமாலையில் ஒரு தாய்

அன்று அம்மாணவிக்கு யான் சொன்னது இவ்வளவே: “பிள்ளை, இது வழி திறக்கிற படை. நிலத்திலை புதைச்ச வெடியளை எடுக்கிறதும் இவையின்ரை வேலை.”

அவள் சற்றே நின்று சொன்னாள்: “அப்ப எங்கடை அம்மாவும் அதுதானே ஐயா செய்யிறா.”

யான் வாயடைத்தேன். அவளுடைய தாய் முகமாலையில் மிதிவெடி அகற்றும் பணி செய்தவர். இருதரப்பாரும் புதைத்த வெடிகளால் நிறைந்த அப்போர்முனை, உலகிலேயே வெடிகள் மிகச் செறிந்த நிலங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. ‘ஹலோ டிரஸ்ட்’ போன்ற அமைப்புகளின்கீழ் அங்கு முழந்தாளிட்டவருட் பெண்கள் பலர். கணவரை இழந்தோரும் அவருட் பலர். முகத்தில் கவசம், மார்பில் கனத்த அங்கி, எரிக்கும் வெயில். கருவி ஒலித்தால், மண்ணை விரல் விரலாக விலக்க வேண்டும். நாள் முழுதும் உழைத்தாலும் திறப்பது ஒரு பாய் விரிக்கும் இடமாகவும் இருக்கலாம். 2017இல் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அது தாளிற் செய்த வேலை; மண்ணிற் செய்ய வேண்டியதை இவர்களே செய்தனர்.

இவர்கள் எப்படையும் அல்லர். இவர்களுக்குக் கொடியில்லை, இருநூறாண்டு வரலாறும் இல்லை. ஆயினும் ஒரு படைப்பிரிவின் வரலாற்றில் எது மிக உயர்ந்ததோ, அதனையே இவர்கள் சம்பளத்துக்கு நாள்தோறும் செய்தனர். நம் அஞ்சல் திணைக்களம் இவர்களுக்கு ஒரு முத்திரை வெளியிடுதல் தகும். தமிழாசிரியரும் மாணவர் மன்றங்களும் அதனை வேண்டிக் கேட்டல் கடன்.

மறுவாரம் வகுப்பினர்க்கு முத்திரை ஒன்று வரைந்து வருமாறு பணித்தேன். அவள் வரைந்ததில் ஒரு பெண் மண்ணில் முழந்தாளிட்டிருந்தாள். கீழே தாயின் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருந்தது. விலை குறிக்க வேண்டிய மூலை மட்டும் வெறுமையாய் இருந்தது. ஏன் என்று கேட்டேன்.

“எவ்வளவு போடுறதெண்டு தெரியேல்லை, ஐயா” என்றாள்.